பணிப்பெண்ணிடம் ஓடும் குழந்தை பெற்றவளை மறந்துவிட்டதா?

சிங்கப்பூரின் பொங்கோலிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். மகனுக்கு 15 மாதம். 16 வார மகப்பேறு விடுப்பு முடிந்ததும் இவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இந்தோனீசியாவிலிருந்து வந்த பணிப்பெண். இப்போது பையன் தடுக்கி விழுந்தால் அவரிடம்தான் ஓடுகிறான். அலுவலகத்திலிருந்து வந்ததும் இவர் வாங்கித் தூக்கினால் அழுகிறான். “பெற்றவள் இந்த வீட்டில் விருந்தாளி” என்று மாமியார் குத்திக்காட்டுகிறார். இதற்கிடையே பணிப்பெண்ணின் ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது. அவர் ஊருக்கே திரும்பப் போகிறார். பையன் தூங்கும் நேரமாகப் பார்த்து அவர் கிளம்பிவிட்டால் அழுகை மிச்சம் என்பது கணவரின் யோசனை. தாய் கேட்பவை இரண்டு: என் பிள்ளைக்கு என்மீது இருந்த பிணைப்பு போய்விட்டதா? நான் சீக்கிரமே வேலைக்குப் போனது அவன் மூளையைப் பாதித்திருக்குமா?

முதல் கேள்விக்கு, இல்லை. இரண்டாவதற்கு, நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்படி அஞ்சுவதற்குக் காரணமே இல்லை. எனக்குக் கவலை தந்தது நீங்கள் போகிற போக்கில் சொன்ன மூன்றாவது விஷயம். பையன் தூங்கும்போது பணிப்பெண் கிளம்பிவிடுவது என்ற அந்த யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். ஏன் என்று விளக்க, சற்றுச் சுற்றி வரவேண்டியிருக்கிறது.

பிணைப்பு பற்றிய அறிவியலைத் தொடங்கிவைத்தவர் ஜான் பௌல்பி. 1907-இல் லண்டனில், பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அந்தக் காலத்து வசதியான ஆங்கிலக் குடும்பங்களில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் சம்பளத்துக்கு வந்த செவிலியர்தாம். மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம் தாயைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பௌல்பியைத் தூக்கி வளர்த்தவர் மின்னி என்ற இளம்பெண். பௌல்பிக்கு ஏறக்குறைய நான்கு வயதாகும்போது மின்னி வேலையை விட்டுப் போய்விட்டார். பின்னாளில் மனநல மருத்துவராகி, 1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காகத் தாயைப் பிரிந்த குழந்தைகள் பற்றிய அறிக்கையை எழுதியவர் இவர். பெற்றோருக்காக 1958-இல் எழுதியபோது ஒன்றைச் சொன்னார்: அன்பான செவிலி ஒருவரே முழுக்க வளர்த்துவிட்டு, குழந்தையின் இரண்டு மூன்று வயதில், ஏன், நான்கைந்து வயதில்கூட விலகிப் போனால், அது தாயை இழப்பதற்குக் கிட்டத்தட்ட நிகரான துயரம். வேலைக்குப் போகும் தாய்மாரை மிரட்டுவதற்கு உலகெங்கும் பயன்படுத்தப்பட்ட பெயர் பௌல்பியுடையது. அவருடைய சொந்த இழப்போ, உங்கள் மகன் இரண்டு மாதத்தில் சந்திக்கப்போகும் இழப்பின் வகையைச் சேர்ந்தது.

பிணைப்பு எதற்காக இருக்கிறது என்பதைப் பாருங்கள். பாசம் என்ற இனிய உணர்வு அதன் ஒரு பக்கம்தான். அடிப்படையில் அது பயத்தை நிர்வகிக்கும் ஏற்பாடு. நரம்பியல் ஆய்வாளர் ரெஜினா சல்லிவன் எலிக்குட்டிகளிடம் நடத்திய சோதனைகள் இதை அழகாகக் காட்டுகின்றன. பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டிக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசான மின்னதிர்ச்சியும் கொடுத்தால், அது அந்த வாசனையை வெறுப்பதில்லை. அதை நோக்கி நகர்கிறது. இன்னும் சில நாள் வளர்ந்தபின் வெறுக்கக் கற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த வயதிலும் தாய் பக்கத்தில் இருந்தால், பயத்தைக் கற்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அடங்கிவிடுகிறது. மனிதக் குழந்தைகளிடமும் இதன் சாயல் உண்டு. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், தாயின் படத்தைப் பார்த்தபோது சிறுவர்களின் அமிக்டலா அடங்கியது. பதின்ம வயதினரிடம் அந்த விளைவு காணப்படவில்லை. பெரியவர்களான நாமும் இதிலிருந்து முழுதாக விடுபடுவதில்லை. 2006-இல் ஜேம்ஸ் கோன் திருமணமான பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது அவர்களுடைய மூளையில் அச்சுறுத்தலுக்கான எதிர்வினை குறைந்தது. மணவாழ்க்கை எவ்வளவு நன்றாக இருந்ததோ, அந்த அளவுக்குக் கூடுதலாகக் குறைந்தது. ஆக, விழுந்து எழுந்த உங்கள் மகன் யாரிடம் ஓடுகிறான் என்பது, அந்த நொடியில் தன் பயத்தை அடக்கக்கூடியவர் யார், எவ்வளவு அருகில் இருக்கிறார் என்ற கணக்கு. பத்து மணி நேரம் அருகில் இருப்பவரிடம் ஓடத்தான் செய்வான். ஓடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால்தான் நான் உங்களை உடனே மருத்துவரிடம் போகச் சொல்லியிருப்பேன்.

பிணைப்பை எப்படி அளக்கிறார்கள் என்பது தெரிந்தால் உங்கள் பாரம் பாதி குறையும். பௌல்பியுடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் 1954-55-இல் உகாண்டாவின் கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுவீடாகப் போய்க் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனையை வடிவமைத்தார். அறிமுகமில்லாத அறை, தரையில் பொம்மைகள், இரண்டு நாற்காலிகள். தாயும் ஒரு வயதுக் குழந்தையும் உள்ளே வருகிறார்கள். சற்று நேரத்தில் அந்நியப் பெண் ஒருவர் வந்து உட்காருகிறார். தாய் எழுந்து வெளியே போகிறார். மூன்று நிமிடத்தில் திரும்புகிறார். மறுபடியும் போகிறார், இம்முறை குழந்தை தனியாக. குழந்தை மிகவும் அழுதால் சீக்கிரமே திரும்பிவிடுவார்கள். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்.

பலரும் நினைப்பதுபோல, தாய் போகும்போது குழந்தை அழுகிறதா என்று இங்கே மதிப்பெண் போடுவதில்லை. தாய் திரும்பி வரும் கணம்தான் முக்கியம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு குழந்தைகள் கையை நீட்டித் தாயிடம் வந்து, தேம்பி, அடங்கி, மறுபடி பொம்மைக்குத் திரும்பின. இதைத்தான் பாதுகாப்பான பிணைப்பு என்கிறார்கள். சில குழந்தைகள் ஒட்டிக்கொண்டே தாயை அடித்தன, சமாதானமாகவில்லை. இன்னும் சில, தாய் வந்ததையே கவனிக்காததுபோல் பொம்மையைக் குடைந்துகொண்டிருந்தன. சமர்த்துப் பிள்ளைகள் என்று நாம் மெச்சக்கூடியவை இவைதாம். ஆனால் பின்னர் அளந்து பார்த்தபோது, வெளியே அமைதி காட்டிய அந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பு ஏறியிருந்தது. 1988-இல் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எல்லா நாடுகளிலும் பாதுகாப்பான பிணைப்பே அதிகம் காணப்பட்டது. நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடுதான் பெரிது.

இதை உங்கள் வீட்டு மாலை நேரத்தோடு ஒப்பிட முடியாது. ஏழு மணிக்குப் பையன் விளையாட்டில் மூழ்கியிருக்கிறான், நீங்கள் பையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பணிப்பெண்ணின் மடியிலிருந்து வாங்குகிறீர்கள். அழுகிறான். விளையாட்டு கலைந்ததற்கான அழுகை அது. அதில் உங்களைப் பற்றிய தீர்ப்பு எதுவும் கிடையாது. உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது: பணிப்பெண்ணின் ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில், புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு நாய் குரைத்தபோது அவன் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தான் என்று. நீங்கள் அதைக் குறும்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டிய விடை அந்த வரியில்தான் கிடைத்தது.

குழந்தையின் மனத்தில் ஒருவருக்குத்தான் இடம், அதை அவர் எடுத்துக்கொண்டால் எனக்கு மிஞ்சாது என்ற அச்சம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அன்பு அரிசி மூட்டை அல்ல, பங்கு பிரித்தால் குறைவதற்கு. 1964-இல் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஷாஃபரும் எமர்சனும், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் பிணைப்புக் கொண்டுவிடுகின்றன என்று கண்டார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: பாலூட்டி, துணி மாற்றி, அதிக நேரம் பார்த்துக்கொண்டவரையே குழந்தை முதன்மையாகப் பற்றியது என்று சொல்ல முடியவில்லை, அழைப்புக்கு விரைந்து பதில் தந்து கொஞ்சியவரையும் அது பற்றியது. 1990-இல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வின்படி, பராமரிப்பு நிலைய ஊழியரிடம் குழந்தை கொண்ட பிணைப்பின் தரம், பெற்றோரிடம் அது கொண்ட பிணைப்பைப் பொறுத்து அமையவில்லை. ஒவ்வோர் உறவுக்கும் குழந்தை தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

மனித இனமே இப்படி வளர்ந்ததுதான் என்பது மானிடவியலாளர் சாரா ஹெர்டியின் வாதம். மற்ற வாலில்லாக் குரங்குகள் தம் குட்டியை மாதக்கணக்கில் பிறர் தொட விடுவதில்லை; மனிதத் தாயோ பிறந்த சில நாளிலேயே பிள்ளையைப் பிறர் கையில் கொடுக்கிறாள். காங்கோவின் இட்டூரி காட்டில் வாழும் எஃபே மக்களிடையே, நான்கு மாதக் குழந்தை பகலில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் தாயல்லாத கைகளில் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். காங்கோவரை போவானேன்? கம்போங் வீட்டில் வளர்ந்த நம் மூத்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் மாமி) இடுப்பில் வளர்ந்த கதை பலரிடம் இருக்கும். உங்கள் மாமியாரிடமும் இருக்கலாம். நல்ல மனநிலையில் இருக்கும்போது கேளுங்கள்.

இனி வேலைக்குப் போனதைப் பற்றி. இதை நேரடியாக ஆராய்ந்த பெரிய முயற்சி அமெரிக்காவில் 1991-இல் தொடங்கியது. பத்து இடங்களில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தார்கள். 1997-இல் வந்த முடிவு: பிறர் பராமரிப்பில் விடுவது என்பதனால் மட்டும் தாயுடனான பிணைப்பு குலைவதில்லை. வீட்டில் தாயின் கவனிப்பு மிகக் குறைவாக இருந்து, அத்துடன் வெளிப் பராமரிப்பும் தரமற்றதாகவோ, நீண்ட நேரமாகவோ, அடிக்கடி ஆள் மாறுவதாகவோ இருந்தால்தான் ஆபத்து கூடியது. ஆள் மாறுவது என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். இஸ்ரேலின் கிபுட்ஸ் என்ற கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளில் பார்த்ததும் இதற்குப் பொருந்துகிறது. பகலில் பொதுக் காப்பகத்தில் இருந்து இரவில் வீட்டில் தூங்கிய குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் பாதுகாப்பான பிணைப்பைக் காட்டினார்கள். இரவிலும் காப்பகத்திலேயே, முறைமாறும் காவலர்களின் பொறுப்பில் தூங்கியவர்களில் 48 விழுக்காட்டினர்தான் காட்டினார்கள். பகலில் நீங்கள் இல்லாதது பெரிய விஷயமில்லை. இரவில் விழிக்கும்போது எழுந்து போவது நீங்களாக இருக்கட்டும்.

மூளை பாதிப்பு என்று இணையத்தில் நீங்கள் படித்ததெல்லாம் பெரும்பாலும் ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து வந்த செய்தி. அங்கே ஒரு குழந்தைக்கென்று ஒருவர் இல்லை. அந்நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் 136 குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன் சேர்ந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். அந்த வறட்சிக்கும், ஒரு பணிப்பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் உங்கள் மகனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நம் ஊரிலேயே நடக்கும் ஆராய்ச்சி ஒன்றுண்டு. கஸ்டோ என்று பெயர். 2009-இல் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியத் தாய்மார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துத் தொடங்கி, பிள்ளைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். இதில் முக்கியப் பங்காற்றுபவர் கனடாவின் மைக்கேல் மீனி. எலிகளை வைத்துப் புகழ்பெற்றவர். தாய் அதிகம் நக்கிவிட்ட குட்டிகள் வளர்ந்தபின் பதற்றத்தைச் சுலபமாகத் தணித்துக்கொண்டன என்று கண்டவர். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை அதிகம் நக்கும் தாயிடம் மாற்றி வைத்தபோது, குட்டி வளர்த்தவளைப் போல ஆனது, பெற்றவளைப் போல அல்ல. 2004-இல் இதன் மரபணு அளவிலான செயல்முறையையும் அவர் குழு வெளியிட்டது. இதைப் படித்துவிட்டு மறுபடி கலங்காதீர்கள். மனிதர்களிடம் தாயின் கவனிப்புக்கும் குழந்தையின் பிணைப்புக்கும் உள்ள தொடர்பு மிதமானதே என்று 1997-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களே சொல்லிவிட்டார்கள். கஸ்டோவிலிருந்து 2015-இல் வந்த ஒரு சிறு ஆய்வில், கவனிப்பு குறைந்த தாய்மாரின் ஆறு மாதக் குழந்தைகளுக்கு நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி பெரிதாக இருந்தது, சிறிதாக அல்ல. மூளை அவசரப்பட்டு முதிர்கிறதோ என்று ஆராய்ச்சியாளர்கள் யோசிக்கிறார்கள். ஆராய்ந்தது வெறும் 20 குழந்தைகளை. ‘தாயன்பு மூளையைப் பெருக்கும்’ என்று தலைப்பிடுபவர்கள் இந்த ஆய்வை மட்டும் மறந்துவிடுகிறார்கள்!

ஆக்ஸிடோசின் கதையும் இப்படித்தான். ஒரே துணையோடு வாழும் புல்வெளி எலிகளை வைத்து ‘அன்பு ஹார்மோன்’ என்று கொண்டாடினார்கள். 2023-இல் அந்த ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணுவையே நீக்கிப் பார்த்தபோதும் அந்த எலிகள் துணை சேர்ந்தன. வேதிப்பொருளை விடுங்கள், பராமரிப்பு என்ற செயலே மூளையை மாற்றுகிறது என்பதுதான் உறுதியாகத் தெரிவது. இஸ்ரேலில் 2014-இல் வெளியான ஆய்வில், தாய் இல்லாத வீட்டில் பிள்ளையைத் தாமே வளர்க்கும் தந்தையரின் அமிக்டலா, பிள்ளை வளர்க்கும் தாய்மாருடையதைப் போலவே இயங்கியது. உங்கள் கணவருக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். கூடவே ஒன்றையும் யோசித்துப் பாருங்கள். இத்தனை மாதம் உங்கள் மகனைத் தூக்கிய பணிப்பெண்ணின் மூளை மட்டும் மாறாமலா இருந்திருக்கும்? பிரிவு அவருக்கும்தான்.

அந்தப் பிரிவுக்கு வருவோம். லண்டனில் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சனும் மனைவி ஜாய்ஸும் 1960-களின் இறுதியில், தாய் அடுத்த பிரசவத்துக்கு மருத்துவமனை போனபோது பிரிந்திருந்த சிறு குழந்தைகளைப் படம்பிடித்தார்கள். அவர்களில் ஜான் என்ற 17 மாதப் பையன் ஒன்பது நாள் ஒரு காப்பகத்தில் விடப்பட்டான். ஊழியர்கள் அன்பானவர்கள்தாம். ஆனால் முறைமாறி வந்தார்கள். அவன் ஒருவரைப் பற்றத் தொடங்கும்போது அவர் வேலை முடிந்து போய்விடுவார். முதலில் ஒவ்வொருவராகத் தேடிப் போனான், பிறகு அழுதான், சாப்பிட மறுத்தான், கடைசியில் பெரிய பொம்மைக் கரடியின்மேல் படுத்துக்கிடந்தான். தாய் திரும்பி வந்தபோது அவரைத் தள்ளிவிட்டான். அதே தம்பதி வேறு நான்கு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பழகவிட்டார்கள். குழந்தையின் போர்வையையும் பொம்மையையும் கூடவே கொண்டுவரச் சொன்னார்கள். தாயின் படத்தை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நாள்தோறும் பேசினார்கள். தந்தை வந்து பார்த்தார். அந்த நால்வருக்கும் வருத்தம் இருந்தது, ஆனால் யாரும் ஜானைப்போல் நொறுங்கவில்லை. பிரிவு இருதரப்புக்கும் ஒன்றுதான். பிரிவு நடந்த விதம்தான் வேறு.

எனவே உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? தூங்கும்போது மறைந்துபோவது, ‘நான் கண்ணை மூடினால் ஆள் போய்விடுகிறார்கள்’ என்பதைத்தான் குழந்தைக்குக் கற்றுத்தரும். அடுத்த சில வாரம் அவன் தூங்க மறுத்தால் வியப்பில்லை. விழித்திருக்கும்போது, பெட்டியோடு, கையசைத்து, கதவு வழியாக அவர் போவதை அவன் பார்க்கட்டும். அழுவான். அந்த அழுகையின்போது உங்கள் தோளில் இருக்கட்டும். 15 மாதக் குழந்தை பேசுவதைவிட அதிகம் புரிந்துகொள்கிறது. “ஆன்ட்டி விமானத்தில் ஊருக்குப் போகிறார்” என்று இப்போதிருந்தே சொல்லலாம். அவர் அவனை வைத்திருக்கும் படம் ஒன்றை அவன் எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். போனபின் வாரம் ஒருமுறையாவது வீடியோ அழைப்பு. அழுகிறானே என்று நிறுத்திவிடாதீர்கள்.

புதிய பணிப்பெண் வருவதானால் இருவரும் இரண்டு வாரமாவது ஒரே வீட்டில் இருக்கட்டும். இருவருக்கும் அரசுக்குத் தீர்வை கட்டும் செலவு இருக்கும், அது தகும். அது முடியாவிட்டால் பாட்டியோ நீங்களோ இடைப்பாலமாக இருக்க வேண்டும். குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்ப்பது, பால் மறக்கச் செய்வது, தனி அறையில் படுக்கவைப்பது ஆகிய எதையும் அதே மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்றிலிருந்தே குளிப்பாட்டுவதையும் தூங்கவைப்பதையும் உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். மாலையில் வந்ததும் அவனை வாங்கத் துடிக்காமல், அவர்கள் பக்கத்தில் தரையில் உட்காருங்கள்; அவனாக வருவான். சில நாள் வரமாட்டான், பரவாயில்லை. நல்ல தாயும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் இசைந்திருப்பது மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று உளவியலாளர் எட் ட்ரோனிக் கணக்கிட்டிருக்கிறார். மீதி நேரமெல்லாம் விட்டதைச் சரிசெய்வதில் போகிறது, பிணைப்பு வளர்வதும் அதில்தான்.

அவர் போனபின் சில வாரம் ஒட்டிக்கொண்டே திரிவது, இரவு விழிப்பு, பசிக்குறைவு எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. எடை குறைந்தாலோ, பேசிய சொற்களை விட்டுவிட்டாலோ, யாரிடமும் ஆறுதல் தேடாமல் ஒடுங்கினாலோ பலதுறை மருந்தகத்தில் காட்டி, குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள்.

கடைசியாக விடுப்பு பற்றி. உங்களுக்கும் கணவருக்கும் ஆண்டுக்கு ஆளுக்கு 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கும். பெரும்பாலோர் பணிப்பெண் போன மறுநாளிலிருந்து எடுக்கிறார்கள். பாதியை அதற்கு முந்தைய வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். பணிப்பெண்ணும் நீங்களும் ஒன்றாக வீட்டில் இருக்கும் அந்த நாள்களில், அவன் எதற்கு எப்படி அழுவான், எந்தப் பாட்டுக்கு அடங்குவான், சோற்றை எப்படிப் பிசைந்தால் தின்பான் என்பதையெல்லாம் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கணவரின் ஆறு நாளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.